கடையில் பிடித்த வைஃபை லயத்தில் பிடிக்கவில்லை: பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்ட கதை

மைனஸ் 84 டிபிஎம்மில் (சிக்னல் பலத்தின் அளவு, பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் நல்லது) கிடந்த வைஃபை சிக்னல் நேற்று இரவு மைனஸ் 53க்கு வந்துவிட்டது. கார்டை மாற்றவில்லை, யூஎஸ்பி டொங்கிள் வாங்கவில்லை. ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்ததுதான். அந்த வரிக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும், அதற்கு முன்னால் கடையில் வைத்தே லெப்டொப்பை என்னென்ன பார்த்தேன் என்பதையும் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். இலங்கை மலையகத்தில் செகண்ட் ஹேண்ட் லெப்டொப் வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட நினைக்கிற யாருக்காவது பயன்படும்.

லெப்டொப் எனக்கில்லை. கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவரின் மகளுக்கு. உயர்தரத்தில் ஐசிடி எடுத்திருக்கிறாள். பைதனையும் எச்டிஎம்எல்லையும் போனில் தட்டித் தட்டிப் படிப்பது பெரிய கொடுமை. சீட்டு விழுந்த காசும் கடனுமாக அக்கா சேர்த்துவைத்திருந்தது 50,000 ரூபா. தோட்டத்து நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் ஒரு மாதத்து வேலைக்கும் மேலே. ஆகவே வாங்கிய பிறகு "இது சரிவரவில்லை" என்று சொல்வதற்கு இடமே இல்லை.

அந்தக் காசுக்கு ஹட்டனில் கிடைப்பது பெரும்பாலும் நாலாம், ஐந்தாம் தலைமுறை இன்டெல் ப்ரொசசர் உள்ள பெட்டிகள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு ட்ரஸ்டட் பிளாட்ஃபோர்ம் மொடியூல் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐந்தாம் தலைமுறைப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நேர்வழி கிடையாது. லினக்ஸில் அது இன்னும் பல வருடம் ஓடும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டின் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். அதனால் மின்ட், அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்று முடிவெடுத்தேன்.

முதல் வேலை பென்ட்ரைவ். 16 ஜிபி, 1,400 ரூபா. அதில் வென்டோய் போட்டேன். வென்டோயில் உள்ள வசதி என்னவென்றால், ஐஎஸ்ஓ ஃபைலை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) சாதாரணமாகக் கொப்பி பண்ணினால் போதும், எத்தனை வேண்டுமானாலும் போடலாம், பூட் ஆகும்போது எது வேண்டுமென்று கேட்கும். மின்ட் ஐஎஸ்ஓ மூன்று ஜிபிக்குக் கிட்ட. தோட்டத்து டேட்டாவில் அதை இறக்கினால் பாதி பெக்கேஜ் போய்விடும் என்பதால் ஹட்டன் டவுனில் ஃபைபர் இணைப்புள்ள நண்பர் வீட்டில் இறக்கினேன். இறக்கியதும், ஃபைல் முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா256 கூட்டுத்தொகை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதியில் அறுந்த ஐஎஸ்ஓ சில சமயம் பூட் ஆகி, பிறகு எங்கோ நின்று, நல்ல லெப்டொப்பின் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பிவிடும். கூடவே ரெம்மைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ ஐஎஸ்ஓவையும் போட்டுவைத்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். "தம்பி, விண்டோஸ் எல்லாம் போட்டுத்தான் வச்சிருக்கேன், வேற எதுக்கு?" என்று கேட்டார். "அண்ணே, உள்ளே இருக்கிற எதையும் தொடமாட்டேன். பென்ட்ரைவ்ல இருந்தே ஓடும், கழட்டினா பழையபடி இருக்கும்" என்றேன். ஒரு மேசையைக் காலி பண்ணிக் கொடுத்தார். லைவ் முறையில் ஓடும்போது நாமாக டிஸ்க்கைத் திறந்து எழுதினால் ஒழிய எதுவும் மாறாது. இதைக் கடைக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

மூன்று பெட்டிகளைப் பார்த்தேன்.

முதலாவது எட்டாம் தலைமுறை. எங்கள் காசுக்கு மேலே, ஆனாலும் பேசிப் பார்க்கலாம் என்று பூட் பண்ணினேன். திரை, சவுண்ட், வைஃபை எல்லாம் உடனே வந்தன. டிஸ்க் மட்டும் காணவில்லை. பயோஸில் (பூட் ஆகும் முன் திறக்கும் அமைப்புத் திரை) டிஸ்க் இன்டெல் ஆர்எஸ்டி முறையில் வைக்கப்பட்டிருந்தது. அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால்தான் மின்டுக்கு டிஸ்க் தெரியும். மாற்றினால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் எழும்பாமல் போகலாம் என்பதால் கடையில் வைத்து அதைத் தொடவில்லை. இது பழுது இல்லை. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தெரியாவிட்டால்தான் "லினக்ஸுக்கு இந்த எஸ்எஸ்டி ஒத்துவராது" என்ற பேச்சு கிளம்பும். எப்படியும் விலை இறங்கவில்லை, விட்டுவிட்டேன்.

இரண்டாவதில் வைஃபையே வரவில்லை. இங்கேதான் எல்எஸ்பிசிஐ கட்டளை. டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ, ஒரு இடைவெளி, ஒரு கோடு, அப்புறம் என், என், கே என்ற மூன்று சிறிய எழுத்துகள். பெட்டிக்குள் உள்ள ஒவ்வொரு சிப்பின் பெயரும் நான்கு நான்கு எழுத்துகளாக இரண்டு அடையாள எண்களும் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இருந்தால் அந்தச் சிப்பைக் கையாளும் மென்பொருளான டிரைவர் வந்துவிட்டது என்று அர்த்தம். கிராஃபிக்ஸ், சவுண்ட், வைஃபை, லேன் ஆகியவற்றில் எதற்காவது அந்த வரி இல்லையென்றால் அங்கேதான் வேலை இருக்கிறது. இதில் வைஃபைக்குக் கீழே அந்த வரி இல்லை. சிப், ப்ரோட்கொம் பிசிஎம்43142.

இந்தச் சிப்புக்கு வழி இல்லாமல் இல்லை. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இன்டர்நெட்டைப் பகிரும் டெதரிங்கைப் போட்டு, மின்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதற்கான தனி டிரைவரைக் காட்டும், போட்டால் ஓடும். ஆனால் அந்த டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. கர்னல் அப்டேட் ஆகும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகக் கட்டப்பட வேண்டும், கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் இருந்தால் கையொப்பச் சாவி வேறு பதிய வேண்டும். ஒரு அப்டேட்டில் அது தவறினால் வைஃபை போய்விடும், அந்த வீட்டில் லெப்டொப்புக்கு இன்டர்நெட் வர வேண்டியதே வைஃபையில்தான். டவுனில் இருக்கிறவருக்கு இதை வாங்கச் சொல்வேன். தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லமாட்டேன்.

இன்னொரு விஷயம்: லெப்டொப்பின் மாடல் பெயரை நெட்டில் தேடி "லினக்ஸ் ஓடும்" என்று யாரோ எழுதியதைப் பார்த்து வாங்கக்கூடாது. ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு இன்டெல் கார்ட், இன்னொரு தொகுதிக்கு ரியல்டெக், இன்னொன்றுக்கு ப்ரோட்கொம் என்று போட்டிருப்பார்கள். தேட வேண்டியது அந்த நான்கு நான்கு எழுத்து அடையாள எண்ணை. அது பொய் சொல்லாது.

மூன்றாவதுதான் வாங்கியது. ஐந்தாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரெம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 15.6 அங்குலத் திரை. சொன்ன விலை 41,000. எல்எஸ்பிசிஐயில் எல்லாவற்றுக்கும் டிரைவர் இருந்தது: கிராஃபிக்ஸுக்கு ஐ915, லேனுக்கு ஆர்8169, வைஃபைக்கு ஆர்டிஎல்8723பிஇ. இந்த மூன்றும் கர்னலுக்குள்ளேயே இருப்பவை.

கையால் பார்த்தவை: எல்லாக் கீயையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தட்டினேன், வெளிச்சம் கூட்டும் குறைக்கும் கீ, இரண்டு விரலால் டச்பேடில் உருட்டுவது, ஹெட்ஃபோன் செருகினால் ஸ்பீக்கர் நிற்கிறதா, எச்டிஎம்ஐயில் கடை டிவி, கெமரா, மைக். மூடியை மூடித் தூங்கவைத்துத் திறந்து, திரை வருகிறதா, வைஃபை திரும்பப் பிடிக்கிறதா என்றும் பார்த்தேன். பழைய லெப்டொப்களில் லினக்ஸ் தடுக்கி விழுகிற இடங்களில் இந்தத் தூக்கம் முக்கியமானது, ஒரு தடவை பார்த்துவிட்டு விடாதீர்கள். விரல்ரேகை ரீடருக்கு மட்டும் டிரைவர் இல்லை. தேவையும் இல்லை.

அப்புறம் பெட்டரி. யூபவர் கட்டளை இரண்டு எண் தரும்: புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது. இதில் 41.4 வாட் அவர் 24.6 ஆகியிருந்தது. கிட்டத்தட்ட 59 வீதம். டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் குறிப்பு) திறந்தால் 19,000 மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது, பழுதாகி இடம் மாற்றப்பட்ட செக்டர்களும் இருந்தன. இரண்டையும் கடைக்காரருக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை வாசித்தவர், "இப்படி எல்லாம் பார்க்கலாமா தம்பி?" என்று கேட்டுவிட்டு 38,000க்கு இறங்கினார். 240 ஜிபி எஸ்எஸ்டி 7,500, இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3எல் ரெம் 3,000. எல்லாம் சேர்த்து 48,500. அக்கா முந்தானையில் முடிந்துவைத்திருந்த காசை எண்ணிக் கொடுத்தார்.

அன்று இரவே என் வீட்டில் பின்மூடியைக் கழற்றினேன். சிறிய ப்ளஸ் ஸ்க்ரூ ட்ரைவர், நெம்புவதற்குப் பழைய ரீலோட் அட்டை, ஸ்க்ரூக்களை ஒழுங்காக வைக்க ஒரு தட்டு. இங்கே பனியும் ஈரமும் உள்ள ஊர், பழைய ரெமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போயிருந்தன. பள்ளிக்கூட அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தேன். புதிய ரெம்மையும் சேர்த்து மெம்டெஸ்ட்டை விடியும்வரை ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. மின்ட் ஏறியது, அப்டேட் ஏறியது, ஏதாவது பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்துவைத்தேன். இந்தப் பகுதியில் எழுத வேறெதுவும் இல்லை, சொன்னபடி கேட்டது.

தோட்டத்துக்குக் கொண்டுபோனதும்தான் பிரச்சினை தொடங்கியது.

அந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) 4ஜி ரவுட்டர் இருப்பது பக்கத்துக் காம்பராவில் (அறையில்), டவர் தெரிகிற ஜன்னலில். அந்த ஜன்னலைத் தவிர வேறெங்கு வைத்தாலும் 4ஜி பிடிக்காது. ஆகவே வைஃபை ஒரு தடித்த கல்சுவரைத் தாண்டித்தான் பிள்ளை படிக்கிற இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) வர வேண்டும். போனில் நன்றாக வருகிறது. லெப்டொப்பில் ஒரு கோடு வரும், அறுந்துபோகும், திரும்ப வரும். அக்கா வாசலில் நின்று, "சேர், இது நல்ல சாமான்தானே?" என்று கேட்டார். 48,500 ரூபாவின் பாரம் அந்தக் கேள்வியில் இருந்தது.

கடையில் இதே வைஃபையில் வீடியோ ஓடியதே? ஓடியது, ஏனென்றால் கடை ரவுட்டர் என் தலைக்கு மேலே ராக்கையில் இருந்தது. அந்தத் தூரத்தில் ஆன்டெனாவே இல்லாத கார்டும் பிடிக்கும். லைவ் சோதனையில் நான் பார்த்தது "வேலை செய்கிறதா" என்பதை மட்டும். எவ்வளவு நன்றாக என்பதை அந்த மேசையில் இருந்து பார்க்கவே முடியாது.

சரி, வரிசையாகப் பார்த்தேன். முதலில் மின்சேமிப்பின் மேல் சந்தேகம். நெட்வேர்க் மேனேஜரின் அமைப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருக்கும், அதை 2 ஆக்கினால் சேமிப்பு அணைந்துவிடும். அணைத்தேன். அறுந்துபோவது கொஞ்சம் குறைந்தது, சிக்னல் அப்படியே. அடுத்து ரவுட்டரின் சேனலை 11இலிருந்து 6க்கு மாற்றினேன். பயன் இல்லை. அப்டேட் மேனேஜரில் புதிய கர்னல் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே கதைதான்.

அப்புறம்தான் கோடுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்தேன். ஐடபிள்யூ கட்டளையின் லிங்க் பகுதி சிக்னலை டிபிஎம்மில் தரும். மைனஸ் போட்ட எண், பூச்சியத்துக்குக் கிட்டப் போகப்போக நல்லது. இஸ்தோப்பில் அதே பலகையில் போனை வைத்து வைஃபை அனலைசரில் பார்த்தால் மைனஸ் 58. லெப்டொப்பில் மைனஸ் 84. அதோடு ரவுட்டர், சுவர், சேனல் எல்லாவற்றின் மேலிருந்த சந்தேகமும் போய்விட்டது. ஒரே இடம், ஒரே ரவுட்டர், 26 வித்தியாசம் என்றால் கோளாறு பெட்டிக்குள்ளேதான். லெப்டொப்பை ரவுட்டருக்கு முன்னாலேயே கொண்டுபோய் வைத்தால் மைனஸ் 50ஐத் தாண்டவில்லை. அவ்வளவு கிட்டத்தில் மைனஸ் 30 அளவுக்காவது வர வேண்டும். ஆன்டெனா இல்லாத கார்ட் நடந்துகொள்வது இப்படித்தான்.

ஆர்டிஎல்8723பிஇ கார்டில் ஆன்டெனா வயர் செருக இரண்டு இடம் உண்டு. சில லெப்டொப்களில் செலவைக் குறைக்க ஒரே ஒரு வயர்தான் போட்டிருப்பார்கள். எந்த இடத்தில் வயர் இருக்கிறது என்ற விவரம் கார்டுக்குள் எழுதப்பட்டிருக்கும், டிரைவர் அதைப் படித்துத்தான் நடக்கும். லெப்டொப்பைக் கட்டியவர்கள் அந்த விவரத்தைத் தவறாக எழுதிவிட்டால், டிரைவர் வயர் இல்லாத துளையில் காதை வைத்துக்கொண்டிருக்கும். இந்தச் சிக்கல் கர்னல் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தது என்பதால் டிரைவரிலேயே கையால் தேர்வுசெய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஆன்ட்_செல். 1 அல்லது 2 கொடுக்கலாம்.

நிரந்தரமாக எழுதுவதற்கு முன்னால் தற்காலிகமாகப் பார்க்கலாம். மோட்ப்ரோப் கட்டளைக்கு ஒரு கோடும் ஆர் எழுத்தும் கொடுத்து டிரைவரை இறக்கி, பிறகு அதே டிரைவரை ஆன்ட்_செல்=1 என்று சேர்த்து ஏற்றினேன். மைனஸ் 84. திரும்ப இறக்கி ஆன்ட்_செல்=2 என்று ஏற்றினேன். வைஃபை பட்டியல் வர ஒரு கணம் பிடித்தது. அதுவரை ஒற்றைப் பெயரோடு இருந்த பட்டியலில் மேல் லயத்து ரவுட்டர், பால்சேகரிப்பு நிலையத்து ரவுட்டர் எல்லாம் வரிசையாக வந்தன. லிங்க் எண் மைனஸ் 53. முப்பத்தொரு டிபி என்பது வந்துசேரும் சக்தியில் ஆயிரம் மடங்குக்கும் மேல். பிள்ளை உடனே ஒரு பைதன் பாட வீடியோவைப் போட்டாள், நிற்காமல் ஓடியது.

நிரந்தரமாக்க, ஈடிசி அடைவுக்குள் மோட்ப்ரோப்.டி என்ற அடைவில் கோன்ஃப் என்று முடியும் ஒரு ஃபைல், அதற்குள் ஒப்ஷன்ஸ், டிரைவர் பெயர், ஆன்ட்_செல்=2 என்று ஒரு வரி. எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில். ரீஸ்டார்ட் பண்ணியும், தூங்கவைத்து எழுப்பியும் பார்த்தேன், மைனஸ் 53, 54இல் நிற்கிறது. பவர்சேவ்வை அணைத்தபடியே விட்டுவிட்டேன்.

உறுதிப்படுத்துவதற்காகப் பின்மூடியைத் திரும்பவும் திறந்தேன். பச்சைக் கார்டின் ஓரத்தில் குண்டூசித் தலையளவு இரண்டு பொன்னிற வட்டங்கள். ஒன்றில் கறுப்பு வயர், மற்றது வெறுமை. வயரைக் கழற்றி மற்ற வட்டத்தில் செருகினாலும் இதே பலன் கிடைத்திருக்கும். ஆனால் அந்தச் செருகி மிக மெல்லியது, பழைய பெட்டியில் ஓரிரு தடவை கழற்றினாலே இளகிவிடும். ஒரு வரியில் முடிகிற வேலைக்கு அதைத் தொட வேண்டாம். மின்டைத் திரும்பப் போட்டால் அந்த வரியையும் திரும்ப எழுத வேண்டும் என்பதால், ஒரு காகிதத்தில் எழுதிப் பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டேன். பிள்ளையின் கொப்பியிலும் எழுதிக் கொடுத்தேன்.

தமிழ் தட்டச்சு பற்றியும் ஒரு வார்த்தை. பிறமொழித் தட்டச்சுக்கான ஐபஸ் மென்பொருளில் எம்17என் தொகுப்பைப் போட்டால் இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பழைய வினாத்தாள்கள் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும், திறந்தால் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடப்பதுபோலத் தெரியும். பாமினி எழுத்துரு ஃபைலை வீட்டு அடைவின் எழுத்துருக்களோடு போட்டதும் லிப்ரே ஒஃபிஸில் சரியாகத் திறந்தது. இதைச் செய்யாமல் லெப்டொப்பைக் கொடுத்தால் "லினக்ஸில் தமிழ் வராது" என்று நாளைக்கே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த லெப்டொப் வாங்கப் போகும்போது மாற்றிச் செய்யப்போவது வைஃபைச் சோதனையைத்தான். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு மேசையில் வைத்துவிட்டு, லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடை வாசலைத் தாண்டி எதிர் நடைபாதைவரை போவேன். பெட்டரி தாங்குகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அங்கே நின்று டிபிஎம்மைக் குறிப்பேன், சுவருக்கு அப்பாலும் ஒரு தடவை. ரவுட்டருக்குக் கிட்டேயே மைனஸ் 50க்குக் கீழே கிடந்தால் ஆன்டெனாவைச் சந்தேகிப்பேன். கடைக்காரர் ஒத்துக்கொண்டால் அங்கேயே பின்மூடியைத் திறந்து வயர் எத்தனை என்று எண்ணுவேன். பெட்டியின் பாகங்களைப் பட்டியலிடும் ஐஎன்எக்ஸ்ஐ கட்டளையின் முழு அறிக்கையையும் ஒவ்வொரு பெட்டிக்கும் பென்ட்ரைவில் சேமித்துக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்து அடையாள எண்களை ஆறுதலாகத் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் போய்க் காசு கொடுக்கலாம். மேல் லயத்தில் இன்னொரு பிள்ளைக்கும் லெப்டொப் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் போக வேண்டும்.